குட்டி ஈன்ற குதிரை: கால்நடை மருத்துவரிடம் கேள்வி பதில்

குட்டி ஈன்ற குதிரையைப் பற்றியும் பிறந்த குட்டியைப் பற்றியும் வந்த கேள்விகளுக்கு வந்த வரிசையிலேயே பதில் எழுதுகிறேன். ஊசியின் அளவு கேட்டவர்கள் மன்னிக்கவும். குதிரையைப் பார்க்காமல் அதைச் சொல்ல மாட்டேன். இன்னொன்று: கேள்விகளில் பாதி, 'பசுவுக்கு இப்படித்தானே செய்வோம்' என்று தொடங்குகின்றன. பசுவை வைத்துக் குதிரைக்குக் கணக்குப் போடாதீர்கள்.

அந்தியூரிலிருந்து: எங்கள் மார்வாரிக் குதிரைக்கு இது தலையீற்று. நாள் நெருங்கிவிட்டது. குட்டி விழுந்ததும் முதலில் என்ன செய்ய வேண்டும் ஐயா?

கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை எழுதிவையுங்கள். குட்டியின் மூக்கைச் சவ்வு மூடியிருந்தால் அதை மட்டும் விலக்குங்கள். பிறகு தள்ளி நில்லுங்கள். குட்டியின் பின்னங்கால்கள் இன்னும் உள்ளே இருக்க, தாய் களைத்துச் சில நிமிடங்கள் படுத்தே கிடக்கும். அது இயல்புதான். அதட்டி எழுப்ப வேண்டாம். தாய் எழும்போதோ குட்டி துள்ளும்போதோ தொப்புள்கொடி வயிற்றுக்குச் சற்றுக் கீழே தானே அறும். அதற்குள் கத்தரிக்கோலோடு ஓடிவரும் ஆளை லாயத்துக்கு வெளியே நிறுத்துங்கள்.

இனி மூன்று கெடுக்கள். 1 மணி நேரத்துக்குள் குட்டி எழுந்து நிற்க வேண்டும். 2 மணி நேரத்துக்குள் பால் குடிக்க வேண்டும். 3 மணி நேரத்துக்குள் நஞ்சுக்கொடி விழ வேண்டும். இவற்றில் எது தவறினாலும் மருத்துவரை அழையுங்கள்.

இரண்டாவது கெடுவில்தான் பலர் ஏமாறுகிறார்கள். குட்டி மடிக்கடியில் முட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டுக் 'குடிக்கிறது' என்று நிம்மதியாகப் படுக்கப் போய்விடுகிறார்கள். அருகில் போய்ப் பாருங்கள். குடிக்கும் குட்டியின் நாக்கு காம்பைச் சுற்றி வளைந்திருக்கும். விழுங்குவது தொண்டையில் தெரியும். தாயின் மடி கல்லாக இறுகிப் பால் சொட்டிக்கொண்டிருக்கிறது, குட்டியின் நெற்றியிலும் மூக்கிலும் பால் காய்ந்து ஒட்டியிருக்கிறது என்றால் பால் வயிற்றுக்குப் போகவில்லை. அது பட்டினி கிடக்கும் குட்டி.

பொள்ளாச்சியிலிருந்து: தொப்புளில் மஞ்சளும் சாம்பலும் குழைத்துப் பூசுவோம். போதுமா?

வேண்டாம். சாம்பலில் என்ன இருக்கும் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. 0.5 சதவீத குளோர்ஹெக்சிடின் கரைசலைச் சிறு கிண்ணத்தில் எடுத்துத் தொப்புள் முழுக்க நனையும்படி முக்குங்கள். முதல் சில நாட்களுக்குத் தினமும் இரண்டு மூன்று முறை செய்யுங்கள். பழைய காட்டமான டிங்க்சர் அயோடின் தோலை வெந்துபோகச் செய்யும். தாய்க்கு ரணஜன்னித் (டெட்டனஸ்) தடுப்பூசி போடாமல் விட்டிருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். ரணஜன்னிக்குக் குதிரையைப் போல எளிதில் பலியாகும் வளர்ப்பு விலங்கு வேறில்லை.

தொப்புள் வழியே நுழையும் கிருமி மூட்டில் போய் உட்காரும். குட்டி நொண்டி, ஒரு மூட்டும் வீங்கியிருந்தால் 'தாய் மிதித்துவிட்டது' என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்காதீர்கள். மூட்டுக்குள் சீழ் இருக்கிறது என்றே எடுத்துக்கொண்டு அன்றைக்கே காட்டுங்கள்.

கும்பகோணத்திலிருந்து: முதல் பால் மஞ்சளாகக் கெட்டியாக இருக்கிறது. குட்டிக்குச் செரிக்காது என்று குதிரைக்காரர் அதைக் கறந்து கொட்டச் சொல்கிறார்.

அந்தப் பாலின் ஒவ்வொரு சொட்டும் குட்டிக்கு உயிர். கருவிலிருக்கும்போது தாயின் இரத்தத்திலுள்ள நோய் எதிர்ப்புப் புரதங்கள் குதிரையின் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குட்டிக்கு வராது. எதிர்ப்பு சக்தி ஏறக்குறைய இல்லாமலேயே அது பிறக்கிறது. அத்தனையும் சீம்பாலில்தான் வந்தாக வேண்டும். குட்டியின் குடல் அந்தப் புரதங்களை அப்படியே இரத்தத்துக்குள் விடுவது முதல் 6 முதல் 8 மணி நேரத்தில்தான் மிக அதிகம். 24 மணி நேரத்தில் அந்தக் கதவு மூடிவிடும். அதன்பின் சீம்பாலைக் குடம் குடமாகக் கொடுத்தாலும் இரத்தத்தில் சேராது.

45 கிலோ குட்டிக்கு முதல் சில மணி நேரத்தில் 1 முதல் 1.5 லிட்டர் வரை வேண்டும். ஈனுவதற்குச் சில நாட்கள் முன்பிருந்தே காம்பிலிருந்து பால் ஒழுகினால் சீம்பால் வீணாகிறது என்று பொருள். அப்போதே வேறு குதிரையின் சீம்பாலுக்கு ஏற்பாடு செய்யுங்கள். பால் கெட்டியா நீர்த்ததா என்பதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாமல், பழச்சாற்றின் இனிப்பை அளக்கும் பிரிக்ஸ் கருவியில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். 23க்கு மேல் காட்டினால் நல்ல சீம்பால்.

குட்டிக்கு ஒரு நாள் ஆகும்போது இரத்தத்தில் ஐஜிஜி என்ற நோய் எதிர்ப்புப் புரதத்தின் அளவு பார்க்கச் சொல்லுங்கள். டெசிலிட்டருக்கு 800 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் கவலையில்லை. 400க்குக் கீழே என்றால் நரம்பு வழியாகப் பிளாஸ்மா ஏற்ற வேண்டியிருக்கும். குட்டியின் விலையோடு ஒப்பிட்டால் பரிசோதனைச் செலவு ஒன்றுமே இல்லை.

ஓசூரிலிருந்து: குட்டியின் கழுத்தில் இரண்டு சுழி இருக்கிறது. குடும்பத்துக்கு ஆகுமா?

அதைச் சுழி பார்ப்பவரிடம் கேளுங்கள். குட்டி முதல் லத்தி போட்டதா என்று என்னிடம் சொல்லுங்கள்.

தாராபுரத்திலிருந்து: விடியற்காலை 3 மணிக்குக் குட்டி பிறந்தது. இப்போது மணி 9. நஞ்சுக்கொடி பாதி தொங்குகிறது. பசுவுக்குப் 12 மணி நேரம் பொறுப்போம், கல்லைக் கட்டிவிட்டால் பாரத்தில் இறங்கிவிடும் என்கிறார் சித்தப்பா.

படிப்பதை நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். யாரும் கிடைக்காவிட்டால் கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962. அவர் வரும்வரை, தொங்கும் கொடியைக் குதிரை மிதிக்காதபடி அதைக் கொண்டே முடிச்சுப் போட்டுப் பின்னங்கால் முட்டிக்கு மேலே நிற்கச் செய்யுங்கள். இழுக்காதீர்கள், அறுக்காதீர்கள், கல்லைக் கட்டாதீர்கள்.

பசுவின் நஞ்சுக்கொடி, கருப்பையில் பொத்தான் பொத்தானாக ஆங்காங்கே ஒட்டியிருக்கும். குதிரைக்கு அது உட்சுவர் முழுவதும் பரவி ஒட்டியிருக்கிறது. அது அழுகத் தொடங்கினால் விஷம் நேராக இரத்தத்தில் கலந்து காய்ச்சல் வரும். பிறகு குளம்புக்குள் அழற்சி வரும். கருப்பையில் தொடங்கிய வினை காலில் முடிந்து, நடக்க முடியாமல் போன குதிரைகள் உண்டு. சித்தப்பாவின் 12 மணி நேரம் பசுவுக்குச் சரி.

பெருந்துறையிலிருந்து: நாங்கள் மூன்று தலைமுறையாகக் குதிரை வளர்க்கிறோம். என் தாத்தா செங்கல் கட்டித்தான் கொடி இறக்குவார். ஒரு குதிரைக்கும் ஒன்றும் ஆனதில்லை. படித்தவர்கள் வீணாகப் பயமுறுத்துகிறீர்கள்.

பெரும்பாலான குதிரைகளுக்கு 3 மணி நேரத்துக்குள் கொடி தானாகவே விழுந்துவிடும் ஐயா. செங்கலைக் கட்டினாலும் விழும், கட்டாவிட்டாலும் விழும். பெயர் மட்டும் செங்கலுக்குப் போகிறது. ஒட்டிக்கொண்டிருக்கும் கொடியில் பாரம் ஏற்றினால் இரண்டு கெடுதல்கள் நேரலாம். கருப்பைக் கொம்பு உள்வெளியாகப் புரண்டு பிதுங்கலாம். அல்லது கொடி இற்று விழுந்து, ஒரு துண்டு உள்ளே தங்கலாம். இரண்டாவது கெடுதல் அன்றைக்குக் கண்ணுக்குத் தெரியாது. நாலைந்து நாள் கழித்துக் குதிரை நொண்டும்போது அதைச் செங்கலோடு யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. விழுந்த கொடியைத் தாத்தா விரித்துப் பார்த்தாரா என்பதுதான் என் கேள்வி.

கோபியிலிருந்து: கொடியை வைக்கோலில் சுற்றிச் சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடுவது எங்கள் வழக்கம். அதுவும் தவறா?

தாராளமாகத் தொங்கவிடுங்கள்; நாய் இழுக்காது. ஆனால் மருத்துவர் பார்க்கும்வரை மூடி போட்ட வாளியில் வைத்திருங்கள். அதைத் தரையில் விரித்தால் ஒரு உடலும் இரண்டு கொம்பும் தெரியும். குட்டி வளராத சிறிய கொம்பின் நுனியை விரலால் தொட்டுப் பாருங்கள். உள்ளே தங்குவது பெரும்பாலும் அந்த நுனிதான். நுனி மூடியிருந்தால் நல்லது. கிழிந்து திறந்திருந்தால் மிச்சம் உள்ளே இருக்கிறது. எடை பார்க்க முடிந்தால், குட்டியின் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இருக்கும். அதைவிட மிகக் கனமாக இருந்தால் நஞ்சுக்கொடியில் கிருமித் தொற்று இருந்திருக்கலாம். குட்டியைக் கூடுதலாகக் கவனியுங்கள்.

பெருந்துறையிலிருந்து மீண்டும்: கொடி விழ மருத்துவர்கள் போடும் ஆக்ஸிடோசின் ஊசி, மாட்டில் பால் கறக்கத் திருட்டுத்தனமாகப் போடுவார்களே, அதுதானே? நானே போட்டுவிடுகிறேன்.

மருந்து அதேதான். ஆனால் சீட்டு ஒட்டாத குப்பியில் விற்பதில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது. அளவு மிஞ்சினால் கருப்பை முறுக்கிக்கொண்டு குதிரை வலியில் விழுந்து புரளும். கருப்பையே வெளியே தள்ளிவிடவும் கூடும். மருத்துவர் குறைந்த அளவில், இடைவெளி விட்டுத்தான் போடுவார்.

பெருந்துறையிலிருந்து இன்னொரு முறை: சரி, செங்கலை விட்டுவிடுகிறேன். ஆனால் 3 மணி நேரத்தை ஒப்புக்கொள்ள மாட்டேன். 6 மணி நேரம் வரை பொறுப்பேன்.

3 மணி நேரம் ஆனதும் போன் செய்யுங்கள். மருத்துவர் உங்கள் தோட்டம் வந்துசேர 6 ஆகிவிடும்.

(செங்கலை ஆதரித்தும் எதிர்த்தும் இன்னும் பல கடிதங்கள் வந்துள்ளன. அவற்றுக்குத் தனியாகப் பதில் இல்லை.)

திண்டுக்கல்லிலிருந்து: பிறந்து ஒரு நாள் ஆகிறது. ஆண் குட்டி. வாலைத் தூக்கி முக்கிக்கொண்டே இருக்கிறது. வருவது லத்தியா, சிறுநீரா என்று புரியவில்லை.

முதுகை மேலே வளைத்து முக்கினால் பெரும்பாலும் முதல் லத்தி அடைத்திருக்கிறது. ஆண் குட்டிக்கு இடுப்பெலும்பு குறுகல் என்பதால் இது அதிகம். வெதுவெதுப்பான நீரில் மென்மையான சோப்பைக் கரைத்து எனிமா கொடுத்தால் பலருக்கும் சரியாகிவிடும்; அதை மருத்துவர் கொடுக்கட்டும். விரலை விட்டுத் தோண்டாதீர்கள். முதுகைத் தாழ்த்திக் கால்களைப் பரப்பி முக்கினால், சிறுநீர் சொட்டுச் சொட்டாக வந்தால், வயிறும் உப்பினால், சிறுநீர்ப்பை கிழிந்திருக்கலாம். அதற்கு அறுவைச் சிகிச்சைதான். இரவு என்று பார்க்காமல் அழையுங்கள்.

நாமக்கல்லிலிருந்து: எட்டாம் நாள். குட்டிக்குப் பேதி. தாய்க்கு மீண்டும் சினைப்பருவச் சூடு வந்ததால் பால் கெட்டுவிட்டது என்கிறார்கள்.

தாய்க்குச் சூடு வருவதும் குட்டிக்குப் பேதி வருவதும் ஒரே வாரத்தில் நடக்கின்றன, அவ்வளவுதான். தாயில்லாமல் வளரும் குட்டிக்கும் இதே வயதில் பேதி வரும். குடலில் புதிய நுண்ணுயிர்கள் குடியேறும் காலம் அது. குட்டி துள்ளிக்கொண்டு பால் குடித்தால், பின்பக்கத்தைக் கழுவி வாசலின் தடவுங்கள், போதும். சோர்ந்து படுத்தால், பாலை மறுத்தால், காய்ச்சல் அடித்தால் அது வேறு நோய்.

கரூரிலிருந்து: ஒன்பதாம் நாள் பேதி...

மேலே பாருங்கள்.

சேலத்திலிருந்து: குட்டி தாயின் லத்தியைத் தின்கிறது. பேதி வருமா?

தின்னட்டும். குடலுக்கு வேண்டிய நுண்ணுயிர்கள் அதில்தான் வருகின்றன. பேதிக்கு மேலே பாருங்கள்.

மதுரையிலிருந்து: முதல் ஈற்று நன்றாக இருந்தது. இரண்டாம் ஈற்றுக் குட்டி பிறக்கும்போது திடமாக இருந்து, மறுநாள் சோர்ந்து, கண்ணெல்லாம் மஞ்சள். கீழாநெல்லி கொடுக்கலாமா?

இது கல்லீரல் காமாலை அல்ல. தந்தையிடமிருந்து குட்டிக்கு வந்த இரத்த வகையை எதிரியாக நினைத்துத் தாயின் உடல் எதிர்ப்பொருளை உண்டாக்கி வைத்திருக்கிறது. அது சீம்பாலில் இறங்கிக் குட்டியின் சிவப்பணுக்களை உடைக்கிறது. பெரும்பாலும் முந்தைய ஈற்றில்தான் தாய்க்கு அந்த இரத்தம் அறிமுகமாகியிருக்கும்; அதனால்தான் முதல் குட்டி தப்புகிறது. குட்டியை ஓட்டாமல், துரத்தாமல் அசையாது வைத்து மருத்துவரை அழையுங்கள். இரத்தம் ஏற்ற வேண்டி வரலாம். அடுத்த ஈற்றில் குட்டி பிறந்த உடனே வாய்க்கூடு போட்டு, முதல் ஒரு நாளுக்கு மேல் தாய்ப்பாலைத் தடுத்து, வேறு குதிரையின் சீம்பாலைக் கொடுக்க வேண்டும். தாயின் பாலைக் கறந்து கொட்டுவது இங்கு மட்டும் சரி.

ஈரோட்டிலிருந்து: ஈன்ற குதிரைக்குக் கொள்ளு எவ்வளவு வேகவைத்துப் போடலாம்?

முதல் நாள் தண்ணீர், பசும்புல், தவிட்டுக் கஞ்சி. பிறகு குதிரை மசால் என்ற தீவனப் பயிரையும் கொள்ளையும் ஒரு வாரத்தில் மெதுவாக ஏற்றுங்கள். வயிற்றில் திடீரென இடம் காலியாகியிருக்கிறது, குடல் புரளும் அபாயம் உண்டு. ஈன்றபின் குதிரை வியர்த்து, ஈறு வெளுத்து, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தால் உள்ளே இரத்தக் குழாய் உடைந்திருக்கலாம். வயதான குதிரைகளில் இது அதிகம். நடக்கவைக்காதீர்கள். இருட்டான லாயத்தில் அமைதியாக விடுங்கள்.

கோவையிலிருந்து: தாய் இறந்துவிட்டது. குட்டிக்கு மூன்று நாள். எருமைப்பாலில் கருப்பட்டி கலந்து கொடுக்கிறோம்.

இரண்டையும் நிறுத்துங்கள். குதிரைப்பாலில் கொழுப்பு 2 சதவீதத்துக்கும் குறைவு, இனிப்பு அதிகம். எருமைப்பாலில் கொழுப்பு 7 சதவீதத்தை ஒட்டியது. குட்டிகளுக்கான பால்மாவு கிடைத்தால் அதுவே முதல். கிடைக்காவிட்டால் கொழுப்பு குறைந்த பசும்பாலில் லிட்டருக்கு 20 கிராம் குளுக்கோஸ் தூள் கலக்குங்கள். கரும்புச் சர்க்கரையை உடைக்கும் நொதி பிறந்த குட்டியின் குடலில் இல்லை. கருப்பட்டியிலும் அதே சர்க்கரைதான், பேதிதான் மிச்சம். இரண்டு மணிக்கு ஒரு முறை, இரவிலும். தலையை அண்ணாந்து பிடித்துப் புட்டிப்பாலை ஊற்றினால் நுரையீரலுக்குப் போகும். அகலமான பாத்திரத்தில் குடிக்கப் பழக்குங்கள், ஓரிரு நாளில் கற்றுக்கொள்ளும்.

திருப்பூரிலிருந்து: கருப்பட்டி வேண்டாம், சரி. நாட்டுச் சர்க்கரை போடலாமா?

வேண்டாம்.

காங்கேயத்திலிருந்து: பனங்கற்கண்டு?

குளுக்கோஸ் தூள். மருந்துக் கடையில் கிடைக்கும்.