வெங்காயத்தில் சென்ட்ரோசோம் எங்கே?

கேள்வி: வெங்காய வேர்நுனியை அசிட்டோகார்மைன் சாயமிட்டுப் பார்த்தேன். குரோமோசோம்கள் தெரிகின்றன, புத்தகத்தில் பிரியும் செல்லின் இரு முனைகளிலும் வரைந்திருக்கும் சென்ட்ரோசோம் மட்டும் காணோம். சாயம் போதவில்லையா?
– பிளஸ் ஒன் மாணவி, திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: சாயத்தின் மேல் பழி போடாதீர்கள். செல் பிரியும்போது நுண்குழல்களை (நுண்ணிய புரதக் குழல்களை) ஒழுங்குபடுத்தும் மையம்தான் சென்ட்ரோசோம்; பூக்கும் தாவரங்களுக்கு அதுவே கிடையாது. நீங்கள் பார்த்தது விலங்கு செல்லின் படம். வெங்காயத்தில் உட்கருவைச் சுற்றி முளைக்கும் நுண்குழல்களை மோட்டார் புரதங்கள் இழுத்துச் சேர்த்து, குரோமோசோம்களைப் பிரிக்கும் கதிர்கோலாக்குகின்றன. விலங்கு செல்லிலும் சென்ட்ரோசோமுக்குள் இருக்கும் சென்ட்ரியோல் சுமார் 0.5 மைக்ரோமீட்டர் நீளம்தான். அதன் 9 மும்மைக் குழல்களைக் காண எலக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும். ஆய்வகத்தில் வெண்மீன் கரு ஸ்லைடு இருந்தால் கேளுங்கள். முனைகளில் நட்சத்திரமாய் விரியும் இழைகளின் நடுவே இருப்பதுதான் சென்ட்ரோசோம்.

கேள்வி: சென்ட்ரோசோம் இல்லாமலே செல் பிரியுமென்றால் விலங்குகளுக்கு எதற்கு?
– வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: நியாயமான சந்தேகம். சென்ட்ரியோல் உருவாகாத பழ ஈக்கள் முழு ஈயாகவே வளர்ந்தன. 2006இல் வெளியான ஆய்வு இது. ஆனால் உணர்வு நரம்புகளில் குறுயிழை (செல்லிலிருந்து நீளும் மயிர் போன்ற இழை) இல்லாததால் விரைவில் இறந்தன. குறுயிழைக்கும், வால் போன்ற கசையிழைக்கும் அடித்தளமாவதே சென்ட்ரியோலின் பழைய வேலை. பெரணி, பனை போலத் தோன்றும் பூக்காத விதைத் தாவரமான சைக்கஸ் இரண்டிலும் நீந்தும் விந்தணு உருவாகும்போது மட்டும் அது புதிதாய்த் தோன்றுகிறது. நீந்தும் விந்தணுவைக் கைவிட்ட பூக்கும் தாவரங்கள் அதையும் சேர்த்தே இழந்தன.

சென்ட்ரோசோம் மிகுந்தாலும் ஆபத்துதான். ஒரு செல் சுழற்சியில் ஒருமுறைதான் அது இரட்டிக்க வேண்டும். இரண்டுக்கு மேல் சேர்ந்தால் கதிர்கோல் பல முனைகளாகி, குரோமோசோம்கள் தாறுமாறாகப் பங்கிடப்படும். புற்றுநோய்ச் செல்களில் இதை அடிக்கடி காணலாம்.