மட்குப் பெட்டி ஏன் சூடேறவில்லை?

பிரிட்டனின் லெஸ்டர் நகரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “நவம்பரில் 200 லிட்டர் வெப்பக்காப்பு மட்குப் பெட்டி ஒன்றை வாங்கித் தோட்டத்தில் வைத்தோம். 60 டிகிரி வரை சூடேறும், மூன்று மாதத்தில் உரம் கிடைக்கும் என்றார்கள். காய்கறித் தோல், டீத்தூள் என்று அன்றாடம் போட்டு வருகிறேன். மூடியிலுள்ள வெப்பமானி 12 டிகிரியைத் தாண்டவே இல்லை. திறந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கிறது. பெட்டியில் ஏதும் பழுதா? மீந்த சோறு, குழம்பு, எலும்பு ஆகியவற்றைப் போடலாமா? ஊரில் எங்கள் வீட்டு எருக்குப்பை யாரும் கவனிக்காமலேயே ஆவி பறக்கக் கிடந்ததே?”

பெட்டியில் பழுது எதுவும் இல்லை. ஹாட் பேக்கில் ஆறிய இட்லியை வைத்தால் அது சூடாகாது. உங்கள் பெட்டியும் அப்படித்தான். அதன் தடித்த நுரைச் சுவர் வெப்பத்தை வெளியே விடாமல் காக்கும், அவ்வளவே. வெப்பத்தை உண்டாக்க வேண்டியவை உள்ளே இருக்கும் நுண்ணுயிர்கள். அவை மூச்சுத் திணறிக் கிடக்கின்றன என்பதைத்தான் அந்த நாற்றம் சொல்கிறது.

காற்று கிடைக்கும்போது நுண்ணுயிர்கள் கழிவை முழுமையாகச் சிதைக்கின்றன. அந்த வேலையில் ஏராளமான வெப்பம் பிறக்கிறது. காற்று தீர்ந்துபோனால் வேறு வகை பாக்டீரியாக்கள் தலையெடுக்கும். அவை வெளிவிடும் வெப்பம் மிகவும் குறைவு, ஹைட்ரஜன் சல்பைடு நாற்றமோ அதிகம். ஆகவே உங்கள் பெட்டியின் குளிரும் நாற்றமும் இரண்டு தனிக் கோளாறுகள் அல்ல. இரண்டுக்கும் காரணம் காற்றின்மைதான்.

ஊர் எருக்குப்பையின் சூட்டுக்கு அதன் அளவே முக்கியக் காரணம். ஒரு கன மீட்டருக்குக் குறையாத குவியலில் வெளி அடுக்குகளே உள் அடுக்குகளுக்குப் போர்வையாகிவிடும். சாணத்தோடு சேர்ந்து கிடக்கும் வைக்கோலும் சருகும் காற்றுக்கு இடம் விட்டுவைக்கும். பிரிட்டிஷ் வேளாண் அறிஞர் ஆல்பர்ட் ஹோவர்ட் 1924 முதல் 1931 வரை இந்தூரில் இருந்தபோது வகுத்த கம்போஸ்ட் முறையிலும், சாணத்தைத் தாவரக் கழிவுகளோடு கலப்பதும் குவியலைப் புரட்டிக் காற்றேற்றுவதும்தான் அடிப்படை. உங்கள் பெட்டி சிறியது. குவியலின் பருமன் செய்யும் வேலையை அதன் சுவர் பார்த்துக்கொள்ளும். வைக்கோலின் வேலையை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

இதற்கு இரண்டு பொருள்கள் தேவை. ஒன்று, அட்டைப் பெட்டிகளின் நெளியட்டை. சமையலறைக் கழிவில் நைட்ரஜன் ஒரு பங்கு என்றால் கார்பன் 15 முதல் 20 பங்கு வரைதான் இருக்கும். மட்குவதற்கு 25 முதல் 30 பங்கு இருப்பது நல்லது. நெளியட்டையில் கார்பன் 300 பங்குக்கும் மேல் என்பதால் சிறிது சேர்த்தாலே போதும். மிஞ்சிய ஈரத்தையும் அது உறிஞ்சிக்கொள்ளும். இரண்டாவது, விரல் பருமனுள்ள மரச்சில்லுகள். இவை எளிதில் மட்காது, மட்கவும் வேண்டியதில்லை. கழிவு ஒன்றோடொன்று அப்பிக்கொள்ளாமல் இடைவெளி விட்டுப் பிடிப்பதே இவற்றின் வேலை. உரத்தைச் சலிக்கும்போது கிடைக்கும் சில்லுகளை மீண்டும் போடலாம். மரத்தூள் இதற்கு உதவாது, அதுவும் அப்பிக்கொள்ளும்.

இனி, இருக்கும் குவியலைச் சரிசெய்வோம். உள்ளிருப்பதை ஒரு தார்ப்பாயில் கொட்டுங்கள். டீத்தூள் கரிய சேறுபோல் கட்டிபட்டிருக்கும். அதைக் கையுறை அணிந்து உதிர்த்துவிடுங்கள். கழிவு இரண்டு வாளி என்றால் கிழித்த அட்டை ஒரு வாளி, சில்லு அரை வாளி என்று கலந்துகொள்ளுங்கள். ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் இரண்டொரு சொட்டுதான் கசிய வேண்டும். நீர் வழிந்தால் இன்னும் அட்டை சேருங்கள். பெட்டியின் அடியில் ஒரு சாண் உயரத்துக்குச் சில்லு பரப்பி, கலவையை அதன் மேல் அழுத்தாமல் கொட்டுங்கள். குவியல் குறைந்தது 40 செ.மீ. உயரமாவது இருக்க வேண்டும். அதற்கும் கீழே இருந்தால் சூடு தங்காது. போதாவிட்டால் காபிக் கடையிலிருந்து காபிச் சக்கை வாங்கிச் சேருங்கள். செடிக்கடைகளில் கிடைக்கும் கோழி எரு உருண்டைகள் இரண்டு கைப்பிடி தூவினாலும் நல்லது.

ஜனவரிக் குளிரில் நுண்ணுயிர்களுக்கு ஒரு தொடக்கம் வேண்டும். ஒத்தடம் கொடுக்கும் ரப்பர் பையில் வெந்நீர் நிரப்பி, குவியலின் நடுவே புதைத்து மூடுங்கள். மறுநாள் எடுத்துப் பார்த்துவிட்டு, தேவையானால் மீண்டும் வெந்நீர் நிரப்பி வையுங்கள். கலவை சரியாக இருந்தால் சில நாள்களில் சூடு ஏறத் தொடங்கும். மூடியிலுள்ள வெப்பமானி மேலேயுள்ள காற்றின் சூட்டையே காட்டும் என்பதால், நீண்ட முனையுள்ள ஒன்றை வாங்கிக் குவியலுக்குள் செருகிப் பாருங்கள். 40 முதல் 60 டிகிரி வரை இருந்தால் நிறைவு. 70-ஐத் தொட்டால் வேலை செய்யும் நுண்ணுயிர்களே மடியும். ஆனால் ஒரு வீட்டின் கழிவு மட்டும் விழும் பெட்டியில் பெரும்பாலும் அந்தக் கவலை வராது.

அன்றாடம் ஒரு கிண்ணம் போடுவதை நிறுத்துங்கள் என்பது என் உறுதியான கருத்து. குளிர்காலத்தில் ஒவ்வொரு முறை மூடியைத் திறக்கும்போதும் வெப்பம் வீணாகிறது. குளிர்ந்த கழிவு சிறிது சிறிதாக வந்து விழுந்துகொண்டே இருந்தால் மேல் அடுக்கு சூடேறாது. மூடியுள்ள வாளியில் சேர்த்து வைத்து, வாரத்துக்கு இரண்டு முறை அட்டை, சில்லுடன் கலந்து போடுங்கள். பெரிய துண்டுகளை நறுக்கிவிடுங்கள். பெட்டி தொடர்ந்து சூடாக இருக்க வாரத்துக்கு ஏறக்குறைய 5 கிலோ கழிவாவது தேவைப்படும். அக்கம்பக்கத்து வீடுகளிலும் கேட்டு வாங்கலாம்.

மீந்த சோற்றை, பெட்டி தொடர்ந்து 50 டிகிரிக்கு மேல் நிற்கத் தொடங்கிய பிறகு போடலாம். மொத்தமாகக் கொட்டினால் களியாகிக் காற்றை அடைத்துவிடும். உதிர்த்து, அட்டையோடு பிசறிப் போடுங்கள். குழம்பை வடித்துவிட்டுக் காயை மட்டும் போடுங்கள். எண்ணெய் வேண்டவே வேண்டாம். எலும்பும் மீனும் இந்த ஆண்டு வேண்டாம். சூடு குறைந்த பெட்டியில் அவை கிடந்தால் எலி வரும். நுரைச் சுவரை எலி கடித்துத் துளைத்துவிடும். தேங்காய் ஓடு எளிதில் மட்காது, நாரைப் பிய்த்துப் போடலாம். டீப் பைகள் சிலவற்றில் பிளாஸ்டிக் இழை கலந்திருக்கும். கிழித்துத் தூளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று மாதம் என்பது சூடு நிலைத்த நாளிலிருந்து எண்ண வேண்டிய கணக்கு. அப்போதும் அடிக்கதவு வழியே எடுக்கும் உரம் ஈரமாகவும் பிசுபிசுப்பாகவும் இருக்கும். காற்றோட்டமுள்ள சாக்கில் ஒன்றிரண்டு மாதம் ஆறவிடுங்கள். பிறகு ஒரு சிறு தொட்டியில் அந்த உரத்தோடு சம அளவு மண் கலந்து நிரப்பி, சமையலறை ஜன்னலோரம் வைத்து வெந்தயம் தூவுங்கள். ஒரு வாரத்தில் செழிப்பாக முளைத்தால் செடிகளுக்கு இடலாம். முளைக்காமல் போனாலோ முளை கருகினாலோ உரத்தை மீண்டும் சாக்கில் கட்டி, இன்னும் ஒரு மாதம் ஆறவிடுங்கள்.