ஆராய்ச்சி உளவியலாளர் என்பவர் மனநல மருத்துவரா?

இல்லை. மனநல மருத்துவர் நோய்க்கு மருந்து தருகிறார். நினைவும் கவனமும் கற்றலும் எப்படி இயங்குகின்றன என்பதைச் சோதனைகளால் அளந்து பார்ப்பவரே ஆராய்ச்சி உளவியலாளர். காரைக்குடியில் அண்மையில் மறைந்த எங்கள் ஐயா அத்தகையவர். ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, கற்றவை முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் மறந்துபோகின்றன என்று 1885-இல் காட்டியதை, வளவில் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் பேரப்பிள்ளைகளை உட்காரவைத்து அவர் விளக்குவார். வாய்ப்பாட்டை ஒரே இரவில் உருப்போட விடமாட்டார்; இன்று, நாளை மறுநாள், அடுத்த வாரம் என்று இடைவெளி விட்டுக் கேட்டு, தவறினால் கோபிக்காமல் பென்சிலால் குறித்துக்கொள்வார். அப்பத்தாவுக்குக் கண் மங்கிய பிறகு, நாள் தவறாமல் முகப்பில் அமர்ந்து செய்தித்தாளை வாசித்துக் காட்டியவரும் அவரே.