சீனம் பேசப் பழகலாம்: கேள்வி பதில்

கேள்வி: அண்ணே, ஏப்ரலில் சீனாவின் குவாங்சோ நகரில் நடக்கும் கேண்டன் வணிகக் கண்காட்சிக்குச் சரக்கு பார்க்கப் போகிறேன். எழுத்து வேண்டாம், பேசினால் போதும். எங்கே தொடங்குவது?

பதில்: தொனியில்தான், அதாவது குரலின் ஏற்ற இறக்கத்தில். சீனாவின் பொதுமொழியான மாண்டரினில் நான்கு தொனி. 'மை' என்று குரலைத் தாழ்த்திச் சொன்னால் வாங்குவது, அது மூன்றாம் தொனி. அதையே மேலிருந்து வெடுக்கென்று இறக்கினால் விற்பது, நான்காம் தொனி. வியாபாரிக்கு இது குழம்பினால் கதை கந்தல்!

ஒற்றை அசையாக உருப்போடாதீர்கள். ஒரு தொனியை அடுத்து இன்னொன்று என்று 16 ஜோடி வரும். ஜோடிக்கு ஒரு சொல் பிடித்துத் தினமும் வாய்விட்டுச் சொல்லுங்கள். தொனி பக்கத்து அசையைப் பார்த்து மாறும். 'நீ ஹாவ்' வணக்கத்தில் இரண்டுமே மூன்றாம் தொனி, ஆனால் பேச்சில் முன்னால் நிற்கும் 'நீ' இரண்டாம் தொனியாக ஏறிவிடும். புத்தகத்தில் குறி மாறாது. காதால் கேட்டால்தான் பிடிபடும்.

கேள்வி: சீன உச்சரிப்பை ஆங்கில எழுத்தில் காட்டும் பின்யின் பார்த்துச் சரியாகத்தானே வாசிக்கிறேன், ஏன் புரியவில்லை என்கிறார்கள்?

பதில்: ஆங்கிலத்தில் 'பஸ்' எழுதும் முதல் எழுத்து பின்யினில் வந்தால், அது நம் 'பல்'லில் வரும் ப. 'பென்' எழுதும் எழுத்து வந்தால் அதே ப, ஆனால் மூச்சைத் தள்ளிச் சொல்ல வேண்டும். வாய்க்கு முன் மெல்லிய தாளைப் பிடியுங்கள், இரண்டாவதற்கு அது துள்ள வேண்டும். 'பாவ்' மூச்சில்லாமல் சொன்னால் வயிறு நிரம்பியது, மூச்சோடு சொன்னால் ஓடுவது. பின்யின் 'ர' நம் ழகரத்துக்குப் பக்கம். அதில் மட்டும் நமக்கு அதிர்ஷ்டம்.

கேள்வி: இலக்கணம் கஷ்டமா சார்?

பதில்: நம் வினைபோல ஆளுக்கும் காலத்துக்கும் ஏற்ப வினைச்சொல் மாறாது, பயப்படாதீர்கள். எண்ணுக்குப் பின் பொருளுக்கேற்ற அளவுச்சொல் வரும், நம் 'இரண்டு ஜோடி செருப்பு' என்பதில் வரும் 'ஜோடி' மாதிரி. தெரியாத இடத்தில் 'க' போட்டு ஓட்டலாம்.

கேள்வி: செயலி மட்டும் போதுமா?

பதில்: போதாது. கால் நிமிட உரையாடலை ஓடவிட்டு, கூடவே சொல்லிப் பதிவு செய்து, அசலையும் உங்கள் குரலையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். தப்பு தானே தெரியும்.

கேள்வி: குவாங்சோவில் உள்ளூர் மொழியான கேண்டனீஸ்தானே பேசுவார்கள்?

பதில்: தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். கடையில் மாண்டரின் செல்லும். ஆனால் தெற்கே பலருக்கு 'ஷ'வும் 'ஸ'வும் ஒன்றுதான். நாலு 'ஸி', பத்து 'ஷி', பதினாலு 'ஷி ஸி', நாற்பது 'ஸி ஷி'. தொனியைக் கவனிக்காவிட்டால் 14, 40 எல்லாம் ஒன்றாகக் கேட்கும். விலையைக் கால்குலேட்டரில் தட்டச் சொல்லுங்கள், விரல் கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். கட்டைவிரலும் சுண்டுவிரலும் நீட்டினால் ஆறு. போன் நம்பர் கேட்கிறார் என்று நினைத்துக் கொடுத்துவிடாதீர்கள்.