நீர் வழிகிற கண்ணுக்கு வறட்சியா?

கேள்வி: என் மகளுக்கு 15 வயது, பத்தாம் வகுப்பு படிக்கிறாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் லூபஸ் என்று கண்டுபிடித்தார்கள். தினமும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் 200 மில்லிகிராம், கூடவே குறைந்த அளவில் ஸ்டீராய்டு மாத்திரை. எடை 42 கிலோ. நாலைந்து மாதமாக, மாலையில் படிக்க உட்கார்ந்தால் கண் சிவந்து நீர் வழிகிறது. எழுத்து மங்குகிறதாம், கண்ணைச் சிமிட்டினால் தெளிகிறதாம். கண்ணாடிக் கடையில் பவர் எதுவும் இல்லை என்றார்கள். வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்கிறாள். மாத்திரைதான் கண்ணைக் கெடுக்கிறது, நிறுத்திவிடு என்கிறார்கள் சொந்தக்காரர்கள். இரவில் விளக்கெண்ணெய் விடலாம் என்கிறார் மாமியார். என்ன செய்வது, டாக்டர்?
(பெயர் வேண்டாம், அருப்புக்கோட்டை)

பதில்: மாத்திரையை நிறுத்தாதீர்கள் அம்மா. விளக்கெண்ணெயும் விடாதீர்கள். இந்த இரண்டையும் முதலில் சொல்லிவிடுகிறேன், காரணம் அப்புறம்.

உங்கள் கடிதத்தில் 'சிமிட்டினால் தெளிகிறது' என்ற வரியை இரண்டு முறை படித்தேன். பவர் கோளாறு என்றால் சிமிட்டினாலும் மங்கல் அப்படியே இருக்கும். சிமிட்டியதும் தெளிந்து, சில விநாடியில் மறுபடி மங்குகிறது என்றால் கண்ணீர்ப் படலத்தைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

கருவிழியின் மேல் கண்ணாடிபோல் மூடியிருப்பது கார்னியா. நடுவில் அதன் கனம் சுமார் அரை மில்லிமீட்டர். அதில் ரத்தக் குழாயே கிடையாது. அதற்கு வேண்டிய ஆக்ஸிஜனில் பெரும்பகுதி மேலே இருக்கும் கண்ணீர்ப் படலம் வழியாகத்தான் வருகிறது. அந்தப் படலமோ ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் மூன்று பங்குதான். அடியில் வழுவழுப்பான சளி, அதன் மேல் நீர், எல்லாவற்றுக்கும் மேலே, ரசத்தில் மிதக்கிற நெய்போல, மெல்லிய எண்ணெய். ஒவ்வொரு முறை சிமிட்டும்போதும் இமை இதைப் புதிதாகப் பூசிவிட்டுப் போகிறது.

லூபஸில் உடம்பின் காவல்படை தன் உடம்பையே தாக்குகிறது. மூட்டு, தோல், சிறுநீரகம் மாதிரியே கண்ணீர்ச் சுரப்பியும் அதில் மாட்டிக்கொள்ளும். லூபஸ் உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் கண் வறட்சி இருக்கிறது. இந்த நோய் கண்ணில் செய்கிற கோளாறுகளில் அதிகம் பேருக்கு வருவது இதுதான்.

அப்படியென்றால் நீர் ஏன் வழிகிறது? வறண்ட கார்னியா உறுத்தல் தாங்காமல் மூளைக்குச் சொல்லும், சுரப்பி அவசரமாகத் தண்ணீரைக் கொட்டும். எண்ணெயும் சளியும் போதுமான அளவு கலக்காத அந்த நீர் கண்ணில் நிற்காமல் கன்னத்தில் ஓடிவிடும். கார்னியா மறுபடியும் வறண்டே கிடக்கும்.

ஒரு குழந்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதினோரு வருடம் இருக்கும். 13 வயதுப் பெண், லூபஸ். 'மாத்திரைக்காக விழித்திரையைப் பாருங்கள்' என்று சீட்டு எழுதி அனுப்பியிருந்தார்கள். கண்ணின் பாப்பாவை, அதாவது நடுவில் இருக்கும் கருப்புத் துளையை, மருந்து விட்டு விரித்து விழித்திரையைப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. கண்ணில் ஏதாவது தொந்தரவு உண்டா என்றேன், இல்லை என்றாள். அனுப்பிவிட்டேன். ஆறு மாதம் கழித்து, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் அம்மாவின் துப்பட்டாவுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு வந்தாள். மேல்தோல் சிதைந்த இடத்தில் பச்சையாகத் தெரிகிற ஃப்ளோரசின் சாயத்தைத் தொட்டு வைத்து, நீல வெளிச்சத்தில் பார்த்தேன். கார்னியாவின் கீழ்ப்பாதி முழுக்கப் பச்சைப் புள்ளி, கோலமாவு சிந்தினதுபோல. நடுநடுவே நூல் நூலாகச் சளி. ஒவ்வொரு நூலின் ஒரு முனையும் கார்னியாவில் ஒட்டியிருந்தது, சிமிட்டும்போதெல்லாம் இமை அதைப் பிடித்து இழுத்தது. ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் முறை அந்தக் குழந்தை சிமிட்டியிருப்பாள்! ஆறு மாதத்துக்கு முன் ஒரு சொட்டுச் சாயம் போட்டிருந்தால் அப்போதே தெரிந்திருக்கலாம். அந்தத் தவறு என்னுடையது. அதன்பிறகு லூபஸ் உள்ள பிள்ளை எந்தக் காரணத்துக்கு வந்தாலும் சாயம் போடாமல் நான் அனுப்பியதில்லை.

'வலி இல்லை' என்று உங்கள் மகள் சொல்வதை நம்பி விட்டுவிடாதீர்கள் என்பதற்காகத்தான் இதை எழுதினேன். அவள் பொய் சொல்லவில்லை. மெதுவாக வருகிற உறுத்தலைப் பிள்ளைகள் எல்லார் கண்ணும் இப்படித்தான் என்று நினைத்துக்கொள்வார்கள். நாள்பட்ட வறட்சியில் கார்னியாவின் நரம்பிழைகள் நலிந்து உணர்ச்சியே குறைவதும் உண்டு. வலி குறைவாக இருப்பதால் சேதமும் குறைவு என்று சொல்ல முடியாது.

கண்ணாடிக் கடை இதற்குப் போதாது. கண் மருத்துவரிடம் போங்கள். லூபஸ் என்று முதலிலேயே சொல்லி, கண்ணீர்ப் படலத்தைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சாயம் போட்டு, சிமிட்டாமல் வைத்திருக்கச் சொல்லி, படலம் எத்தனை விநாடியில் கிழிகிறது என்று எண்ணுவார்கள். பத்து விநாடிக்கு மேல் தாங்கினால் பொதுவாக நல்லது. இன்னொன்று ஷிர்மர் சோதனை. ஓட்டோ ஷிர்மர் என்ற ஜெர்மன் மருத்துவர் 1903-ல் சொன்னது, இன்றும் அதுதான். சின்னக் காகிதத் துண்டைக் கீழ் இமையில் மாட்டி, ஐந்து நிமிடத்தில் எவ்வளவு தூரம் நனைகிறது என்று பார்ப்பார்கள். 5 மில்லிமீட்டரே நனைந்தால் கண்ணீர் சுரப்பது ரொம்பக் குறைவு. பாப்பா விரிக்கும் மருந்தை இதற்கெல்லாம் பிறகு விடச் சொல்லுங்கள், முதலிலேயே விட்டால் கணக்குத் தப்பும். வாய் வறள்கிறதா, சாதம் விழுங்க அடிக்கடி தண்ணீர் கேட்கிறாளா என்பதையும் கவனித்துச் சொல்லுங்கள். லூபஸோடு, கண்ணையும் வாயையும் வறள வைக்கிற ஷோக்ரன் என்ற நோய் சேர்ந்து வருவதுண்டு.

சிகிச்சை இருக்கிறது. செயற்கைக் கண்ணீர் சொட்டு மருந்தில் தொடங்குவார்கள். தினம் நாலு முறைக்கு மேல் தேவைப்பட்டால் பிரிசர்வேட்டிவ் சேர்க்காததாகக் கேளுங்கள், அந்தச் சேர்மானமே கார்னியாவை அரிக்கும். இரவுக்குக் களிம்பு. போதவில்லை என்றால் சைக்ளோஸ்போரின் சொட்டு. அது எரியும், பலன் தெரிய வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும், பாதியில் விடக்கூடாது. வீட்டில் ஃபேன் காற்று நேரே முகத்தில் அடிக்காமல் நாற்காலியைத் திருப்பிப் போடுங்கள். படிக்கும்போதும் செல்போன் பார்க்கும்போதும் நாம் சிமிட்டுவது பாதிக்கும் கீழே போய்விடும். பக்கம் புரட்டும்போதெல்லாம் கண்ணை முழுசாக மூடித் திறக்கப் பழக்குங்கள்.

இப்போது விளக்கெண்ணெய். அதைச் சொல்கிற பாட்டியின் அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால் வீட்டுப் புட்டியில் இருப்பது கிருமி நீக்கிய மருந்து இல்லை. கார்னியாவின் மேல்தோல் ஏற்கெனவே உரிந்திருக்கலாம், ஸ்டீராய்டு வேறு எதிர்ப்புச் சக்தியைக் குறைத்திருக்கும். நம் பக்கத்தில் கார்னியாப் புண்களில் கிட்டத்தட்டப் பாதி பூஞ்சையால் வருகிறது, ஆறினாலும் வெள்ளைத் தழும்பு நிற்கும். தாய்ப்பால், தேன், பன்னீர் எல்லாவற்றுக்கும் இதே பதில். மெடிக்கல் ஷாப்பில் 'கண் சிவப்புக்கு' என்று கேட்டு வாங்கும் சொட்டிலும் ஸ்டீராய்டு இருக்கலாம், கவனம்.

மாத்திரை விஷயம். ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் வறட்சிக்குக் காரணம் இல்லை. சிலருக்குக் கார்னியாவில் மெல்லிய படிவு வரும், பெரும்பாலும் அது பார்வையைக் கெடுப்பதில்லை, மாத்திரையை விட்டால் மறைந்தும்விடும். பயப்பட வேண்டியது விழித்திரைக்கு. அதற்கும் கணக்கு இருக்கிறது: எடையில் கிலோவுக்கு தினம் 5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. 42 கிலோவுக்கு 210, உங்கள் மகள் எடுப்பது 200. முதல் வருடத்துக்குள் ஒரு விழித்திரைப் பரிசோதனை, ஐந்து வருடம் கழிந்தபின் வருடா வருடம். சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தால் இன்னும் முன்னதாக. நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு 1991-ல் கனடாவில் வெளிவந்த ஆய்வு இருக்கிறது. நோய் அடங்கியிருந்த 47 பேரில், மாத்திரை நிறுத்தப்பட்டவர்களுக்கு ஆறு மாதத்துக்குள் நோய் கிளம்பும் அபாயம் இரண்டரை மடங்காக இருந்தது. ஸ்டீராய்டுக்காகக் கண் அழுத்தத்தையும் புரையையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கடும் வலி, வெளிச்சம் பட்டாலே கூச்சம், கார்னியாவில் வெள்ளைப் புள்ளி, திடீர் மங்கல், இதில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள், பரீட்சை நாளாக இருந்தாலும்.

கேள்வி: வயது 22. லூபஸ் கட்டுப்பாட்டில் இருக்கிறது. கண்ணாடியைக் கழற்ற லேசிக் செய்துகொள்ளலாமா? கான்டாக்ட் லென்ஸாவது போடலாமா?
(ஒரு வாசகர், ஈரோடு)

பதில்: லேசிக் வேண்டாம் தம்பி. அது கார்னியாவின் நரம்பிழைகளை வெட்டுகிறது. நல்ல கண்ணுக்கே சில மாதம் வறட்சி வரும். லூபஸ் உள்ள கண்ணில் புண் எப்படி ஆறும் என்று உறுதி சொல்ல முடியாது. லென்ஸ் மிதப்பதே கண்ணீர்ப் படலத்தின் மேல்தான். சாயம் போட்டுப் பார்த்துப் பச்சைப் புள்ளி இருந்தால் அதுவும் கூடாது. சுத்தமாக இருந்தால் உங்கள் கண் மருத்துவரிடம் பேசுங்கள். அதுவரை கண்ணாடியே போடுங்கள். வெயிலில் போகும்போது பக்கவாட்டிலும் மறைக்கிற கூலிங் கிளாஸ் போடுங்கள், வெயில் லூபஸையும் கிளப்பும்.