கை வெடிக்கிறது என்பதற்காகக் கழுவுவதை விட்டுவிடாதீர்கள்

வணக்கம் சகோதரி. வேலையில் சேர்ந்த மூன்றே மாதத்தில் கழுவிக் கழுவிக் கை வெடித்துவிட்டது, "கையுறை போட்டால் போதும், இத்தனை முறை கழுவாதே" என்று மூத்த செவிலியர்கள் சொல்கிறார்கள் என எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அதைக் கேட்காதீர்கள். கையுறையில் கண்ணுக்குத் தெரியாத துளை இருக்கலாம். கழற்றும்போதும் விரலில் கிருமி ஒட்டும்.

பதினாறு ஆண்டுகளாக வார்டில் இருப்பவள் என்ற முறையில் சொல்கிறேன்: எதற்கெடுத்தாலும் சோப்பைத் தேடாதீர்கள். கையில் இரத்தமோ அழுக்கோ தெரியாதபோது ஆல்கஹால் கரைசலே போதும், தோலையும் அது குறைவாகவே வறட்டும். கட்டைவிரல், நகக்கண், விரலிடுக்கு எல்லாம் படும்படி 20 முதல் 30 விநாடி, தானாகக் காயும்வரை தேயுங்கள். வெடிப்பில் பட்டால் எரியத்தான் செய்யும். புண் ஆறியதும் அது நின்றுவிடும். கையில் இரத்தமோ அழுக்கோ தெரிந்தாலும், வயிற்றுப்போக்கு நோயாளியைத் தொட்ட பின்பும் சோப்பும் தண்ணீரும் கட்டாயம். வெந்நீர் வேண்டாம். துணியால் அழுத்தித் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள், நன்றாகக் காய்ந்த பிறகே கையுறை மாட்டுங்கள்.

மோதிரம் அணிந்திருந்தால் இன்றே கழற்றிவிடுங்கள். அதனடியில் சோப்பு தங்கி, என் விரலைச் சுற்றி வெள்ளையாக ஊறிப்போன வளையமே விழுந்துவிட்டது. பணி முடிந்ததும், படுக்கும் முன்பும் வாசனை சேர்க்காத களிம்பு தடவுங்கள்.

வெடிப்பில் நீர் கசிந்தால் தோல் மருத்துவரைப் பாருங்கள், வார்டு பொறுப்பாளரிடமும் சொல்லிவிடுங்கள். அதை மறைத்துக்கொண்டு காயங்களுக்குக் கட்டுப் போட வேண்டாம், அம்மா.