தேங்காய் எண்ணெயை விட்டால் ஊசி வேண்டாமா?

கேள்வி: எனக்கு 31 வயது. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கண் மங்கியது, அப்புறம் இடது கால் மரத்தது. ஸ்கேன் பார்த்து மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றார்கள். ஊசி போட்டுக்கொண்டிருக்கிறேன். சொந்தக்காரர் ஒருவர் யூடியூப் பார்த்துவிட்டு, பால், கோதுமை, பருப்பு, எண்ணெய் எல்லாவற்றையும் விட்டால் ஊசியே தேவையில்லை என்கிறார். மூன்று மாதமாக விட்டுப் பார்த்ததில் ஆறு கிலோ இறங்கிவிட்டது, மாடிப்படி ஏறத் தெம்பில்லை. நான் எதைத்தான் சாப்பிடுவது?
- வாசகி, காங்கேயம்

பதில்: அம்மணி, முதல் வேலை, ஊசியை நிறுத்தாதீர்கள். நம் உடம்பின் எதிர்ப்பு சக்தியே மூளையிலும் தண்டுவடத்திலும் இருக்கும் நரம்புகளின் மேலுறையை அரிப்பதுதான் இந்த நோய். மோட்டார் ஒயரில் ரப்பர் உரிந்தால் கரண்ட் எப்படித் தடுமாறுமோ அப்படி. அந்த அரிப்பைக் குறைக்கத்தான் ஊசி. அந்த வேலையைச் செய்யும் என்று நிரூபிக்கப்பட்ட சாப்பாடு எதுவும் இதுவரை இல்லை.

எண்ணெய்ப் பேச்சுக்கு ஒரு பழைய கதை உண்டு. ராய் ஸ்வாங்க் என்ற நரம்பியல் மருத்துவர் 1940களின் கடைசியில் தன் நோயாளிகளை வெண்ணெய், கொழுப்பு இறைச்சி எல்லாவற்றையும் குறைக்கச் சொல்லி, 34 வருடம் கவனித்து, 1990ல் லான்செட் இதழில் எழுதினார். நிறைவுற்ற கொழுப்பை (வெண்ணெய், தேங்காய் எண்ணெய் போன்றவற்றில் அதிகம் இருக்கும் கொழுப்பு வகை) ஒரு நாளைக்கு 20 கிராமுக்குள் வைத்தவர்கள் நன்றாக இருந்தார்களாம். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு கூட்டத்தை அவர் வைக்கவில்லை. பத்தியத்தில் நிலைத்து நின்றவர்களே நோய் லேசாக இருந்தவர்களாக இருந்திருக்கலாம் இல்லையா? 2021ல் அமெரிக்காவில் இந்த முறையையும், தானியம், பால், பருப்பு எல்லாவற்றையும் தள்ளும் வால்ஸ் முறையையும் (உங்கள் யூடியூப் சரக்கு அநேகமாக இதுதான்) பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். இரண்டிலுமே சோர்வு குறைந்தது. ஒன்று சோறு சாப்பிடலாம் என்கிறது, இன்னொன்று கூடாது என்கிறது, பலன் மட்டும் இரண்டிலும்! எனக்குத் தோன்றுவது, இரண்டுக்கும் பொதுவாக இருப்பது காய்கறி கூடியதும் பேக்கரி, பொரித்த பண்டம் குறைந்ததும்தான். அங்கேயும் வழக்கமான சாப்பாட்டோடு ஒரு கூட்டம் இல்லை என்பதால் அடித்துச் சொல்ல மாட்டேன்.

தேங்காய்க் களத்துக்கு நடுவில் இருக்கும் உங்களிடம் எண்ணெயை ஒரேயடியாக விடச் சொன்னால் நடக்கிற காரியமா? ஆனால் ஒரு டேபிள்ஸ்பூன் தேங்காய் எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பே 11, 12 கிராம் வரும். என் வீட்டு எண்ணெய்த் தூக்கில் கிடக்கும் குழிக்கரண்டியை ஒருநாள் அளந்து பார்த்தேன், மூன்று ஸ்பூன் பிடித்தது! தாளிக்க நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ ஒரு ஸ்பூன், அரிசிம்பருப்பு சோற்றுக்கு ஊத்துக்குளி வெண்ணெய் உருக்கிய நெய் விரல் நுனியளவு, அவ்வளவு போதும்.

பருப்பையும் பாலையும் திரும்பச் சேருங்கள். சீலியாக் நோய் (கோதுமை ஒத்துக்கொள்ளாமல் குடல் கெடும் நோய்) இல்லாதவர் கோதுமையை விட அவசியமில்லை. விட்டே தீருவேன் என்றால் களியும் கம்பஞ்சோறும் கொள்ளுப் பருப்பும் இருக்கின்றன, பட்டினி கிடக்க வேண்டாம். நோய் புதிதாகத் தாக்கும்போது ஸ்டீராய்டு கொடுப்பார்கள், அது எலும்பைக் கரைக்கும், அதனால் கால்சியத்தில் கை வைக்காதீர்கள். பி12, வைட்டமின் டி இரண்டையும் ரத்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள். பி12 குறைந்தாலே கால் மரக்கும், அதையும் இந்த நோயின் கணக்கில் எழுதிவிடுவோம். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று 60,000 யூனிட் டி பவுடரை வாரக்கணக்கில் நீங்களாகச் சாப்பிடாதீர்கள், ரத்தத்தில் கால்சியம் ஏறி சிறுநீரகத்தில் போய் நிற்கும்.

கேள்வி: எனக்கும் இதே நோய். அடிக்கடி சிறுநீர் வருகிறது, பஸ்ஸில் வேலைக்குப் போவதால் தண்ணீரைக் குறைத்துவிட்டேன். இப்போது மலச்சிக்கல் வேறு. சித்திரை வெயிலில் பார்வையும் மங்குகிறது.
- வாசகர், பவானி

பதில்: குறைத்ததுதான் தப்புங்க. அடர்ந்த சிறுநீர் பையை இன்னும் உறுத்தும், மலம் இறுகும், கிருமித் தொற்று வரும். தொற்றில் காய்ச்சல் அடித்தால் பழைய மரப்பு, தள்ளாட்டம் எல்லாம் திரும்பி வந்து, நோய் புதிதாகத் தாக்கியது போலவே பயமுறுத்தும். பகலில் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள், படுக்கப் போகும் இரண்டு மணி நேரத்துக்கு முன் நிறுத்திக்கொள்ளுங்கள், டீயையும் காபியையும் குறையுங்கள். உடம்பை வருத்தி வேலை செய்தால் கண் மங்குவதை ஊத்தாஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் 1890லேயே எழுதிவைத்திருக்கிறார். உடம்பு சூடேறுவதுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது, வெயிலிலும் அதேதான். உடம்பு குளிர்ந்தால் பார்வை தெளியும். காலையில் கம்மங்கூழும் மோரும், பையில் ஒரு பாட்டில் குளிர்ந்த தண்ணீரும் உங்களுக்குச் சரிவரும். நாள் முழுக்க ஆறியும் தெளியவில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் ஈரோட்டு மஞ்சள் இதற்குக் கேட்குமா?
- வாசகி, மொடக்குறிச்சி

பதில்: எலிகளில் பார்த்த ஆராய்ச்சி நிறைய, மனிதர்களில் உருப்படியாக எதுவும் இல்லை. குழம்பில் போடுவதைப் போட்டுக்கொண்டிருங்கள். மாத்திரையாக விற்பதை மட்டும் டாக்டரிடம் சொல்லாமல் வாங்காதீர்கள். அதில் சிலருக்குக் கல்லீரல் கெட்டிருக்கிறது, இந்த நோய்க்குப் போடும் இன்டர்ஃபெரான் ஊசிக்கே கல்லீரலை அவ்வப்போது டெஸ்ட் செய்துதான் பார்க்கிறார்கள்.